எஞ்சினியர் ஐயாவோடு பழகியவர்கள் எழுதுங்கள் (நீடாமங்கலம், மூணாறு தலைப்புப் பக்கம்)

கோரையாற்றங்கரை:

நம்ம பக்கத்து ஆட்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். பொதுப்பணித் துறையில் இருந்து ரிட்டையர் ஆகி வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பாரே, அவர்தான். அவர் போய்ச் சேர்ந்து, காரியமும் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு சாயங்காலம் மட்டும் எனக்கு மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, அதை இங்கே இறக்கி வைத்துவிடுகிறேன்.

அப்போது அவர் சர்வீஸில் இருந்தார். ஐப்பசி அடைமழை. எங்கள் ஊர் ரெகுலேட்டரில் (ஆற்றுத் தண்ணீரை ஷட்டர் போட்டு நிறுத்துகிற மதகு) நடு ஷட்டர் சிக்கிக்கொண்டது, பின்னால் ஆகாயத்தாமரை மலை மாதிரி அடைத்து நிற்கிறது, தண்ணீர் கரையைத் தொட இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. நாங்கள் நாலு பேர் கைப்பிடியில் கடப்பாரையை மாட்டிச் சுற்றப் பார்த்தோம். வந்தவர் முதலில் கடப்பாரையைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். "ஷட்டரைத் தூக்குற ராடு வளைஞ்சா பொங்கலுக்குத்தான் மறு ராடு வரும், பரவாயில்லையா?" என்றார். பிறகு இரண்டு பக்கத்து ஷட்டர்களையும் கொஞ்சம் தூக்கச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். மேல்பக்கத் தண்ணீர் நாலு விரல் வடிந்ததும் சிக்கிய ஷட்டரைத் தூக்கச் சொல்லவில்லை, இறக்கச் சொன்னார்! தினம் ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கரே முழித்தார். அரை சுற்று இறக்கி, பிறகு ஏற்ற, உள்ளே என்னமோ 'கடக்' என்று விட்டது. தண்ணீர் தள்ளுகிற தள்ளில் ஷட்டர் பலகை அது ஏறி இறங்குகிற காடியோடு ஒட்டிக்கொள்கிறது, அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் பலத்தைக் கூட்டினால் ராடுதான் போகும் என்று போகிறபோக்கில் சொன்னார்.

நான் சொல்ல வந்தது அதில்லை. ஷட்டர் ஒரு சாண் ஏறியதும் வாட்சைப் பார்த்தார். "லஸ்கர்கிட்ட சொல்லியிருக்கேன், ஒரு அடியில நிறுத்திடுங்க. பாப்பாவை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வரணும்" என்று டிவிஎஸ் 50-ஐ உதைத்துக் கிளம்பிவிட்டார். முழங்கால் தண்ணீரில் ஊரே நிற்கிறது, எஞ்சினியர் பிள்ளையைக் கூப்பிடப் போகிறார். எனக்கு வந்ததே ஆத்திரம். திரும்பி வந்தார், பாப்பா முன்னால் நின்றுகொண்டு, புத்தகப்பை உரச்சாக்குக்குள். ஷட்டர் அவர் சொன்ன ஒரு அடியில் நின்றது, வயல்களும் தப்பின. தப்பாமல் போயிருந்தால் என்ன பேசியிருப்போம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

வலங்கைமான் தம்பி:

வயலில் ஓட்டை போட்ட பிவிசி குழாயைப் புதைத்துத் தண்ணீர் மட்டம் பார்க்கிறோமே, அதை உலகத்துக்கே முதலில் கண்டுபிடித்தவர் நம்ம ஐயாதான். பெரிய பெரிய நிறுவனமெல்லாம் அப்புறம்தான் செய்தது. எங்கள் மூணு மா நிலத்தில் அவரே வந்து வைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. என் அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்தார், அதையும் பாதி குடித்துவிட்டு மீதியை "வீட்டுல அவங்களுக்குப் பிடிக்கும்" என்று தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போனார். இளநீரைத் தூக்குவாளியில் எடுத்துப் போன ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஆடுதுறை ரோடு:

தம்பி, அவர் மேல் இருக்கிற பாசம் புரிகிறது, அதுக்காக இல்லாததை ஏற்றிச் சொல்லாதீர்கள், அவருக்கே பிடிக்காது. அந்தக் குழாய் பிலிப்பைன்ஸில் இருக்கிற பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது என்று நம்ம வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரர்களும் ஊர் ஊராகச் சொன்னார்கள். 30 சென்டிமீட்டர் குழாய், அடியில் பாதிக்கு ஓட்டை, மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை தண்ணீர் இறங்கினால் அடுத்த தண்ணீர் வைக்கலாம், பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இது எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது.

அவர் செய்தது வேறே, அதுதான் எனக்குப் பெரிசு. அவர் மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து வயலில் இறங்க முடியாமல் போயிற்று. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, குழாய்க்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போகிறவன் வருகிறவனை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். குழாய்க்குள்ளே எட்டிப் பார்த்தால்தானே தெரியும்? ஐயா ஒரு தெர்மாகோல் துண்டில் மெல்லிசான மூங்கில் குச்சியைச் செருகி, குச்சியின் மேல்பாதிக்குச் சிவப்பு பெயின்ட், கீழ்பாதிக்கு வெள்ளை அடித்துக் குழாய்க்குள் விட்டார். தண்ணீர் இருந்தால் இரண்டு நிறமும் தெரியும், இறங்க இறங்க வெள்ளை குழாய்க்குள்ளே போய்விடும். சிவப்பு மட்டும் வெளியே நின்றால் மோட்டார் போடலாம். கிழவர் நாற்காலியில் இருந்தபடியே "டேய், வெள்ளை போயிடுச்சுடா" என்று கத்தினதை நான் காதால் கேட்டேன். முறை தண்ணீர் வந்தும் மடை திறக்காத பக்கத்து வயல்காரனையும் அன்றைக்கு அவர்தான் திட்டினார். மறுபடி பண்ணையம் பார்க்கிற தோரணை வந்துவிட்டது மனிதருக்கு.

வலங்கைமான் தம்பி:

சரிண்ணே. ஆனால் எங்கள் ஊருக்கு முதலில் கொண்டுவந்தவர் அவர்தான், அதை மாற்றமாட்டேன்.

மன்னை மருமகள்:

நான் கல்யாணமாகி வந்த வீடு அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, ஒரே சுவர்தான். அவர் மனைவியை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். பெரியம்மாவுக்கு வீசிங் (இளைப்பு), மார்கழி வந்தால் பேசவே மூச்சு வாங்கும். ஆனால் கிணற்றுத் தண்ணீரில்தான் குடிக்கச் சமைக்க எல்லாம், மோட்டார் தண்ணீரில் சாம்பார் வைத்தால் ருசி இல்லை என்பார், ஐயா சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். வாளியைப் பாதி இழுத்துவிட்டு மூச்சு வாங்கினால் கையை விட முடியாது அல்லவா, விட்டால் வாளி திரும்பக் கிணற்றுக்குள். அதற்கு ஐயா பழைய சைக்கிள் ப்ரீவீலை எடுத்து ராட்டினத்தோடு வெல்டிங் வைத்துவிட்டார். ஒரு பக்கம் சுற்றும், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். கயிற்றை ராட்டினத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றி விடவேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். வாளியைக் கீழே விடும்போது ஒரு ஆணியை உருவிக்கொண்டால் ராட்டினம் சும்மா சுற்றும், தண்ணீர் மொண்டதும் ஆணியைத் திரும்பச் செருகவேண்டும்.

விடியற்காலையில் நான் கோலம் போட வாசலுக்கு வருவேன். அடுத்த கொல்லையில் டிக்டிக்டிக் என்று கேட்கும். நடுவில் நின்றுவிடும். பெரியம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார் என்று அர்த்தம், வாளி அந்தரத்தில் நிற்கும். அப்புறம் மறுபடி டிக்டிக். ஒருநாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன், ஐயா கொட்டகை வாசலில் ஸ்பேனரோடு நிற்கிறார், போய் இழுத்துக் கொடுக்கவில்லை. ஏன் ஐயா நீங்களே இழுத்துக் கொடுக்கலாமே என்று கேட்டேன். "இழுத்துக் கொடுத்தா திட்டுவா. அதுக்குப் பயந்துதான் இதைச் செஞ்சேன்" என்றார். வெட்கமாகச் சிரித்தார். அறுபது வயசுக்கு மேல் ஒரு ஆம்பிளை வெட்கப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முள்ளியாறு:

அக்கா சொன்ன வீசிங்தான் எங்கள் கதைக்கும் காரணம். கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. தென்னை எல்லாம் படுத்துவிட்டது, கரன்ட் கம்பம் ஒன்றுகூட நேராக இல்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தது எங்கள் தெருவில், அதனால் ஐயாவும் அம்மாவும் அன்றைக்கு இங்கேதான் இருந்தார்கள். அம்மாவுக்கு நெபுலைசர் (மருந்தை ஆவி மாதிரி ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கிற கரன்ட் மெஷின்) வைக்கவேண்டும், கரன்ட் இல்லை, ரோட்டில் மரம், ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது.

காற்று நின்ற கொஞ்ச நேரத்தில் மனிதர் தெருத் தெருவாக நடக்கிறார். மூடிக் கிடந்த ஒரு மாவு மில்லில் 10 கேவிஏ அல்டர்னேட்டர் (சுற்றிவிட்டால் கரன்ட் தருகிற மெஷின்) சும்மா கிடந்தது. யாருடையதோ பவர் டில்லர். டில்லர் எஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுற்று ஓடினால் அல்டர்னேட்டர் 1500 சுற்று ஓடவேண்டும், அப்போதுதான் வீட்டுக் கரன்ட் மாதிரி நொடிக்கு 50 சைக்கிள் வரும். எஞ்சினில் 6 இஞ்ச் புல்லி, அல்டர்னேட்டரில் 8 இஞ்ச் புல்லி, கணக்கை எங்கள் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதினார் (போன வருஷம்தான் வெள்ளையடித்தோம்). 8 இஞ்ச் புல்லி கிடைக்காமல் பழைய நெல் அரவை மெஷினில் இருந்து கழற்றினோம். முதலில் ஒரு குண்டு பல்பைப் போட்டுப் பார்த்தார், அது சிவந்து, மஞ்சளாகி, வெள்ளையானதும் வோல்ட் மீட்டரைப் பார்த்துவிட்டு ஆக்சிலரேட்டரைக் கம்பியால் கட்டினார். நெபுலைசரைப் போட்டதும் அம்மா திண்ணையில் உட்கார்ந்து மூச்சை இழுக்கிறார். அடுத்த பத்து நிமிஷத்தில் தெருவில் இருக்கிற இளைப்புக்காரக் கிழடுகள் எல்லாம் ஆளுக்கொரு மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை! அம்மா பாதியில் எழுந்து "நீங்க வையுங்க, எனக்கு இப்ப பரவாயில்லை" என்று அடுத்தவருக்கு இடம் விட்டார். ஐயா அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை, முகம் மட்டும் சுருங்கிப் போயிற்று. எல்லோரும் வைத்துக்கொண்ட பிறகு அம்மாவை மறுபடி உட்காரவைத்து இன்னொரு தடவை வைத்தார். அதற்கப்புறம்தான் மேல்நிலைத் தொட்டி மோட்டாரைப் பற்றிப் பேசவே வாயைத் திறந்தார். அது 3 எச்பி மோட்டார், ஸ்டார்ட் ஆகிற ஒரு நொடிக்கு அஞ்சாறு மடங்கு கரன்ட் இழுக்கும் என்று பல்பு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் போட்டார். டில்லர் முக்கி முனகி எடுத்துவிட்டது. குடிதண்ணீர் வந்தது.

ரீவைண்டிங் கடை, கும்பகோணம்:

எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள். நான் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுகிற தொழில்காரன். ஐயா என் கடைக்கு எரிந்த மோட்டார் கொண்டுவருவார், காயிலைப் பிரித்ததும் எந்த பேஸ் கருகியிருக்கிறது என்று என்னையே பரீட்சை வைப்பார். ஒரு தடவை ஒரு விவசாயியைக் கூட்டிவந்து, கருகின காயிலை அவர் கையில் கொடுத்து, "மோந்து பாருங்க, இது உங்க கன்டென்சர் வாசனை" என்றார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும். டெல்டாவில் இன்னமும் மூணு பேஸில் இரண்டு மட்டும் வருகிற டூ பேஸ் கரன்டில் கன்டென்சர் போட்டு த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டுகிறார்கள். மோட்டார் ஓடும்தான், ஆனால் காயில்களுக்குள் கரன்ட் சமமாகப் போகாது, ஒன்று காயும் மற்றொன்று வேகும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் மீதி இரண்டிலும் சுமார் 1.7 மடங்கு கரன்ட் ஏறும். காயில் சூடு 10 டிகிரி கூடினால் வார்னிஷ் ஆயுசு பாதி என்பது பொதுக் கணக்கு. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடுகிற சிங்கிள் பேஸ் ப்ரிவென்டர் வாங்கி மாட்டுங்கள், அதன் விலை ஒரு தடவை காயில் கட்டுகிற கூலியைவிடக் குறைவு. ஸ்டார்ட்டரில் கரன்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலே இருக்கிறதே, அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைக் கடைசி வரை திருகி வைப்பவர்களை ஐயாவே கையெடுத்துக் கும்பிடுவார். மோட்டார் நேம்பிளேட்டில் எவ்வளவு ஆம்ப்ஸ் போட்டிருக்கிறதோ அதில் வையுங்கள், 5 எச்பிக்கு ஏழரை ஆம்ப்ஸ் வாக்கில் இருக்கும். எர்த் பைப்பில் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். உறிஞ்சுகுழாய் அடியில் இருக்கிற புட்வால்வில் கூளம் சிக்கி பிரைமிங் (மோட்டார் போடுமுன் குழாயில் ஊற்றுகிற தண்ணீர்) நிற்கவில்லை என்றால் தினம் சாணியைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள், வால்வின் தோல் வாஷரை மாற்றுங்கள். தண்ணீர் மட்டம் இருபது, இருபத்தைந்து அடிக்குக் கீழே போய்விட்டால் மேலே வைத்த மோட்டார் எவ்வளவு எச்பி ஆனாலும் உறிஞ்சாது, காற்றழுத்தம் தூக்குவது அவ்வளவுதான். குழியில் இறக்கி வையுங்கள், இல்லை சப்மெர்சிபிள் போடுங்கள். குழியில் வைத்தால் மழைக்காலத்துக்கு முன்னால் மறக்காமல் தூக்குங்கள்.

குடவாசல் கீழத்தெரு:

அண்ணே, இங்கே யார் மோட்டார் ரிப்பேர் கேட்டது? மனுஷர் செத்துப்போயிருக்கிறார்.

கோரையாற்றங்கரைக்காரர் சொன்னதற்குத்தான் நான் வந்தேன். பிள்ளையைக் கூப்பிடப் போனது தப்பு என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஷட்டரை விடுவிக்கிற வேலை முடிந்துவிட்டது, மீதி சுற்றுகிற வேலைதானே, அதற்கு லஸ்கர் இருக்கிறார். டியூஷன் வாத்தியார் வீடு ஆற்றங்கரையில் இருந்தது, நானும் அங்கேதான் படித்தேன். அந்த மழையில் வாத்தியார் எங்களை எல்லாம் திண்ணையில் ஏற்றி உட்காரவைத்திருந்தார், தெருவில் தண்ணீர் ஓடுகிறது. முதலில் வந்த அப்பா அவர்தான். தன் பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, வாத்தியார் வீட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்து ஒவ்வொருவர் கையிலும் பிடிக்கக் கொடுத்து, மேட்டுத்தெரு வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய் விட்டுவிட்டுத்தான் பாப்பாவை வண்டியில் ஏற்றினார். கயிற்றில் ஆளுக்கு ஒரு முடிச்சு, முடிச்சை விட்டால் அடி விழும் என்றார். நான் மூணாவது முடிச்சு.

கோரையாற்றங்கரை:

இது எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

மன்னை மருமகள்:

கொட்டகையைக் காலி செய்கிறார்கள். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்காமல் போன மோட்டார், ஸ்ப்ரேயர், மிக்ஸி எல்லாம் அப்படியே இருக்கிறது, ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி ஊர் பேர் எழுதியிருக்கிறார், வந்து எடுத்துப்போகலாம் என்று மகள் சொல்லச் சொன்னாள். ராட்டினத்தை மட்டும் கேட்காதீர்கள், அது கிணற்றிலேயே இருக்கும், பெரியம்மா தரமாட்டார். ரீவைண்டிங் கடை அண்ணே, 'கும்பகோணம், திருப்பிக் கொடுக்கணும்' என்று அட்டை போட்ட, கரன்ட் அளக்கிற டாங் டெஸ்டர் ஒன்றும் கிடக்கிறது, உங்களுடையதுதானா?

ரீவைண்டிங் கடை, கும்பகோணம்:

என்னுடையதுதான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வேறே வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வரும்போது ப்ரிவென்டர் நாலு கொண்டுவரட்டுமா?