மறுமொழி: 'லையிங் செஷன்' – புளுகுக் கச்சேரி என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டனின் நூல்களில், ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து கதை அளப்பதை 'லையிங் செஷன்' என்கிறார்கள். அந்தக் கதை வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் ஐயா எழுதியது இது:

> "பெருங்கதை அளக்கும் இந்த வகைக்கு 'மிகைப்புனைவு' பொருந்தும். இலக்கிய வகையின் பெயர் என்பதால் சொல் கொஞ்சம் கனமாக இருப்பதே நல்லது."

ஐயா, பாடநூலுக்கு இது சரி. ஆனால் ஜோரா நீல் ஹர்ஸ்டனைத் தமிழாக்கும்போது இந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் வளர்ந்தது ஃபுளோரிடாவின் ஈட்டன்வில், கறுப்பின மக்கள் தாங்களே நிறுவி ஆண்ட ஊர். நியூயார்க்கில் பர்னார்டு கல்லூரிக்குப் போய், ஃபிரான்ஸ் போவாஸிடம் மானிடவியல் படித்து, 1927இல் கதை சேகரிக்கத் தெற்கே திரும்புகிறார். கல்லூரி இங்கிலீஷில், மன்னிக்க வேண்டும், உங்களுக்கு நாட்டார் கதை, நாட்டார் பாடல் ஏதும் தெரியுமா என்று கேட்டதில் ஒன்றும் பெயரவில்லை என்று தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். கதை அந்த ஊர்களில் கொட்டிக் கிடந்தது, ஆனால் அந்தப் பெயரில் இல்லை. அவர்கள் வாயில் அதற்குப் பெயர் 'லைஸ்', அதாவது பொய்கள். 1935இல் வந்த அவருடைய கதைத் தொகுப்பின் தொடக்கத்தில், பழங்கதை கேட்க வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னதும், கடைத் திண்ணையில் சும்மா உட்கார்ந்து நாங்கள் விடுகிற பெரிய பெரிய பொய்களையா கேட்கிறாய் என்கிறார் ஊர்க்காரர் ஒருவர். அவர் வாயில் போய் 'மிகைப்புனைவு' என்று வைத்தால், 1927இல் நடந்த அதே தவறை நாமும் செய்கிறோம்.

இதற்கு அக்கா சொன்ன 'சரடு' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கதைச்சரடு என்று விமர்சனத்தில் வேறு பொருளில் நன்றாகவே புழங்கிவிட்டது, பக்கத்துக்குப் பக்கம் குழப்பம் வரும்.

புளுகு என்றே வைக்கலாம் என்பது என் யோசனை. பொய்யும் புளுகும் ஒன்றல்ல. கோர்ட்டில் சொல்வது பொய்சாட்சி, அதைப் புளுகுச்சாட்சி என்று யாரும் சொல்வதில்லை. ஆகாசப்புளுகு, புளுகுமூட்டை, 'கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு' என்று எங்கே வந்தாலும் புளுகில் கேட்பவனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, தெரிந்தேதான் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இது மரியாதைக் குறைவு என்று யாராவது நினைத்தால், 'பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி'யை உரைவகை நான்கில் ஒன்றாகத் தொல்காப்பியமே செய்யுளியலில் சேர்த்திருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன். ஆக, 'லைஸ்' புளுகு, 'லையிங் செஷன்' புளுகுக் கச்சேரி. ஹர்ஸ்டன் ஹைத்தியில் இருந்தபோது ஏழே வாரத்தில் எழுதி 1937இல் வெளிவந்த நாவலிலும் அதே கடைத் திண்ணை வருவதால் இந்தச் சொல் அங்கேயும் கைகொடுக்கும். 'பைவேர்ட்' என்பதற்குப் பழமொழி வேண்டாம், வாசகர் பள்ளிக்கூடப் புத்தகத்தை நினைத்துக்கொள்வார். சொலவடை போதும்.

இனி தீனி. நம் சொற்பட்டியலில் 'நீரவி நிலக்கடலை' என்று பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. அமெரிக்கத் தெற்கத்திக்காரர்கள் பச்சைக் கடலையைத் தோலோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு ஈரத்தோடு பையில் அள்ளித் தருவார்கள், உடைத்தால் உள்ளே நிற்கிற உப்புத் தண்ணீர் விரலெல்லாம் வழியும், அதை உறிஞ்சிவிட்டுத்தான் பருப்பைத் தின்பது. தென் கரோலினா மாநிலம் 2006இல் இதையே தன் அதிகாரபூர்வத் தின்பண்டமாக அறிவித்தது. கடலை பறிக்கும் நாளில் நம் வீடுகளில் பானை நிறைய அவிப்பதும் இதுதானே? அவித்த கடலை என்று எழுதிவிட்டுப் போகலாம், புதிதாகச் சொல் படைக்க இங்கே வேலையே இல்லை.

யோசிக்க வேண்டியது, கடலைக்கு அங்கே வழங்கும் 'கூபர்' என்ற சொல்லுக்குத்தான். கடலை தென் அமெரிக்காவில் பிறந்து, ஆப்பிரிக்கா போய், அடிமைக் கப்பல்களின் காலத்தில் வட அமெரிக்கா வந்த பயிர். காங்கோ பகுதி மொழிகளின் 'ங்குபா'தான் தெற்கில் கூபர் ஆனது. அதை நிலக்கடலை என்று எழுதினால் அந்தப் பயணம் முழுக்கக் காணாமல் போகிறது. நம்மிடமும் கடல் கடந்த பெயர் ஒன்று இருக்கிறது: மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை. எனக்கு மல்லாட்டை சம்மதம். ஆனால் நான் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து நண்பர்கள், அவித்ததையும் உங்கள் வீட்டில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்களா, இல்லை பச்சையாக இருக்கும்போது மட்டுமா என்று எழுதினால் இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்திவிடுவேன்.