மறு: மறு: 'காம்பினேஷன்' மாத்திரைக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அடையாறு மொழிபெயர்ப்பாளர்:
எல்லோருக்கும் வணக்கம். பார்க்கின்சன் நோயாளிகளுக்கான இரண்டு பக்கத் துண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லெவோடோபா, கார்பிடோபா இரண்டும் ஒரே மாத்திரையில் வருகின்றனவே, அதை எப்படிச் சொல்வது? முதலில் 'கலவை மருந்து' என்று போட்டேன். என் மாமியார் படித்துவிட்டு, "இதுலயும் கலப்படமாம்மா?" என்றார். அந்தச் சொல்லை அப்போதே அடித்துவிட்டேன்.

பெரம்பூர் தமிழாசிரியர் (ஓய்வு):
அம்மா, 'சேர்மருந்து' என்று எழுதுங்கள். வினைத்தொகை. சேர்ந்த, சேர்கின்ற, சேரும் மருந்து என்று மூன்று காலமும் அடங்கும். மருந்துகளைச் சேர்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்களுக்கு மருந்தின் பெயர்தான். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்தால் திரிகடுகம். ஐந்து வேர் சேர்ந்தால் சிறுபஞ்சமூலம். ஏலம் முதலாக ஆறு சேர்ந்தால் ஏலாதி. பாருங்கள், எண்ணிப் பெயர் வைத்தார்கள், இல்லையென்றால் முதல் சரக்கின் பெயரை வைத்தார்கள். அந்த வழியில் போனால் இது 'லெவோடோபாதி'!

குரோம்பேட்டை மருந்தாளுநர்:
ஐயா, கோபிக்க வேண்டாம். கவுண்டரில் நின்று 'சேர்மருந்து' என்றால், ஷேர் ஆட்டோ மாதிரியா என்பார்கள். என் ஓட்டு 'கூட்டு மருந்து'க்கு. காரணம் சொல்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர் புது அட்டையைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றார். "நூத்திப்பத்துல இருந்து நூத்தி இருபத்தஞ்சுக்கு ஏத்திட்டாங்களே, நோய் முத்திடுச்சா தம்பி?" அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைக் காட்டினேன். இரண்டிலும் லெவோடோபா 100 மில்லிகிராம்தான். கார்பிடோபாதான் 10லிருந்து 25 ஆகியிருக்கிறது. 275 என்பதும் 250, 25 இரண்டையும் கூட்டி வந்ததே. கூட்டித்தான் எண்ணே போடுகிறார்கள். பெயரிலும் கூட்டல் இருக்கட்டுமே.

வேளச்சேரி நரம்பியல் மருத்துவர்:
'கூட்டு மருந்து' தொழுநோய்ச் சிகிச்சையில் ஏற்கெனவே புழங்குகிற சொல். அங்கே ஒவ்வொரு மருந்தும் தன் பங்குக்குக் கிருமியைத் தாக்கும். இங்கே கதை வேறு. மூளைக்குள் போய், இந்த நோயில் குறைந்துபோகிற டோபமின் என்ற வேதிப்பொருளாக ஆவது லெவோடோபா மட்டும்தான். அதைத் தனியாகக் கொடுத்தால் குடலிலும் மற்ற இடங்களிலும் இருக்கும் நொதி (என்சைம்), மூளைக்குப் போகும் வழியிலேயே அதை டோபமினாக மாற்றிவிடும். மூளைக்குக் கிடைப்பது சொற்பம், வயிற்றுக்குக் கிடைப்பது குமட்டல். கார்பிடோபா அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. ஆனால் மூளைக்குள் அது நுழையாது. அதனால் அங்கே நொதி தடையில்லாமல் வேலை செய்யும். கார்பிடோபாவை மட்டும் கொடுத்தால் நடுக்கம் குறையாது. அந்தப் பெரியவருக்கு ஏன் மாற்றியிருப்பார்கள் என்றால், ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா இருந்தால்தான் நொதி சரியாக அடங்கும். 110ஐ மூன்று வேளை போட்டால் 30தான் சேரும்.

பெரம்பூர் தமிழாசிரியர்:
அப்படிச் சொல்லுங்கள் டாக்டர்! அப்படியானால் கார்பிடோபா 'வழித்துணை'. வாசல்வரை கூட வந்து, உள்ளே வராமல் நின்றுகொள்கிறது. மாத்திரை 'வழித்துணை மருந்து'. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையுமா?

மயிலாப்பூர் சொல்லாய்வாளர்:
வழித்துணை கூடவே நடக்கும் ஐயா. இது கள்ளனை முன்கூட்டியே கட்டிப்போடுகிறதே, இது காவல். சித்த மருத்துவத்தில் மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் அனுபானமும் ஒத்துவராது. தேனும் வெந்நீரும் எந்த நொதியையும் கட்டுவதில்லை. இந்தச் சேர்க்கைக்கு வெளிநாட்டில் வைத்த 'சைனமெட்' என்ற வணிகப் பெயரைப் பாருங்கள். இலத்தீனில் 'சைனே' என்றால் இல்லாமல், 'எமெசிஸ்' வாந்தி. நாமும் 'வாந்தியிலி' எனலாம். அப்புறம், பூனைக்காலி விதையிலேயே லெவோடோபா இருக்கிறது. அந்தப் பெயரில் 'கால்' எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. காயின் மேல் இருக்கும் சுனை...

நெறியாளர்:
பூனைக்காலிக்குத் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து. 'வாந்தியிலி'யை நோயாளி கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வேளச்சேரி நரம்பியல் மருத்துவர்:
தனி இழைக்கு முன் ஒரு வரி. பூனைக்காலிப் பொடியை இந்த மாத்திரையோடு தாமாகச் சேர்த்துச் சாப்பிட வேண்டாம் என்று துண்டறிக்கையில் போடுங்கள். லெவோடோபாவின் அளவு கணக்கில்லாமல் ஏறிவிடும். புரதமும் குடலில் லெவோடோபாவோடு போட்டி போடும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. பருப்பு, தயிரோடு சேர்த்துப் போட்டுவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று வருகிறவர்கள் நிறைய.

அடையாறு மொழிபெயர்ப்பாளர்:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் 'கூட்டு மருந்து' நான்கு பேர், 'சேர்மருந்து' ஒருவர் (பாதியில் வழித்துணைக்குத் தாவிவிட்டார்), 'வாந்தியிலி' ஒருவர். தலைப்பில் 'கூட்டு மருந்து' போட்டுவிட்டேன். அதன் கீழே: "இதில் லெவோடோபா மருந்து, கார்பிடோபா அதற்குக் காவல். அட்டையில் உள்ள எண் இரண்டின் கூட்டுத்தொகை." மாமியாரிடம் காட்டினேன். "இது சரி" என்றார்.

பெரம்பூர் தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் எதிர்ப்பையும் பதிவு செய்கிறேன். எங்கள் வீட்டில் கூட்டு என்றால் பாசிப்பருப்பு போட்ட புடலங்காய். பருப்போடு இந்த மாத்திரை ஆகாது என்று டாக்டரே எழுதியிருக்கிறார். பெயரிலேயே பத்தியத்தை முறிக்கிறீர்களே அம்மா?