புதுப்பிப்பு: கிளப் திரையில் என் படங்கள் ஏன் வெளுத்தன

எங்கள் புகைப்படக் கிளப்பில் உறுப்பினர்கள் படங்களைத் திரையிடும் மாலைக் கூட்டங்களில் என் படங்கள் மட்டும் ப்ரொஜெக்டரில் சோகையாகத் தெரிகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். விளக்கு பழசாகியிருக்கும் என்றீர்கள் பலர். அது இல்லை. நான் அடோபி ஆர்ஜிபி என்ற, கூடுதல் நிறங்களை அடக்கும் வண்ண வரம்பில் சேமித்திருந்தேன். திரையிடும் மென்பொருள் அதைக் கவனிக்காமல், திரைகளுக்கு வழக்கமான, சற்றே குறுகிய எஸ்ஆர்ஜிபி வரம்பு என்றே எடுத்துக்கொண்டது.

சொன்னவர், விருந்தினராகப் பேச வந்த அச்சுக் கலைஞர். நாற்காலிகளை அடுக்கும்போது தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். உடனே மடிக்கணினியைத் திறந்து, என் மீன்கொத்திப் படத்தை இரண்டு விதமாகவும் அருகருகே வைத்துக் காட்டினார். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றியதில் வயிற்றின் ஆரஞ்சு அப்படியே பளிச்சென்று நின்றது! பேச்சை விட அந்தப் பத்து நிமிடம்தான் எனக்குப் பெரிய பாடம்.

அப்புறம், அடுத்த மாலைக்கு எல்லோரும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்கே தர வேண்டும் என்று கிளப்பில் அறிவித்துவிட்டோம்.