தீப்பிடித்த வீடும் நிற்காத தவணையும்

வீட்டில் தீப்பிடித்து, கடனும் பாக்கி இருந்தால் எப்படிச் சமாளிப்பது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டி விற்று, அவற்றுக்குக் கடனும் தரும் சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கிளை ஒன்றில், தவணை கட்டச் சிரமப்படுபவர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றேன். வேலை போனது, மணமுறிவு, நோய் என்று வருபவர்கள்தான் அதிகம். தீயில் வீடு போனவர்கள் எப்போதாவது வருவார்கள். வந்தால் மனதில் தங்கிவிடுவார்கள்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் மனைவியோடு வந்தார். வேலைச் சீருடையிலேயே இருந்தார். இரவு ஷிப்டில் இருந்தபோது வீடு எரிந்திருக்கிறது, அதனால் உடம்பில் கிடந்த அந்த ஒரு சட்டைதான் மிச்சம். பையன் மின்சைக்கிள் பேட்டரியை வரவேற்பறையில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். நல்ல வேளை, எல்லாரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். அந்த அம்மா மேசைமேல் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துத் திறந்தார். பத்திரங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடன் கடிதம் எல்லாம் உள்ளே. ஓரம் பழுப்பேறி, தீயணைப்புத் தண்ணீரில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து டிஷ்யூ தாளில் பரப்பினோம். புகை நாற்றம் குளிர்சாதன அறையில் சாயங்காலம்வரை போகவில்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மேடம், வீடு இந்த நிலையில இருக்கும்போதும் மாசத் தவணை எடுப்பாங்களா?"

எடுப்பார்கள். வீடு எரிந்தாலும் கடன் அப்படியே இருக்கும். ஆனால் அவருக்குத் தவணை முழுவதும் மத்திய சேம நிதிச் சாதாரணக் கணக்கிலிருந்து, அதாவது சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் சேமிப்பிலிருந்து, போய்க்கொண்டிருந்தது. கையிலிருந்து ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) போகவில்லை. அதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. அந்த அம்மா விடவில்லை. "அப்ப அந்தக் கணக்குல இருக்கிற காசை எடுத்து வீட்டைச் சரிபண்ணலாமா?" என்றார்.

முடியாது. வீடு வாங்கலாம், வீட்டுக் கடன் கட்டலாம், புதுப்பிப்பு வேலைக்கும் மேசை நாற்காலிக்கும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும். ஓய்வுக்காலத்துக்கான பணம், விதி ஏன் அப்படி என்று புரிகிறது. ஆனால் கரி படிந்த சுவரைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் அந்த நியாயத்தைப் பேசிப் பாருங்கள்.

அப்புறம் காப்புறுதி. கழகக் கடன் பாக்கி உள்ளவர்கள் கழகத்தின் தீக்காப்புறுதி கட்டாயம் வைத்திருக்க வேண்டும். ஐந்தாண்டுக்குச் சேர்த்தே பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும், அதனால் யாரும் அதைப் படிப்பதில்லை. வீட்டைக் கட்டித் தந்தபோது என்ன இருந்ததோ அதற்குத்தான் அது: சுவர், தரை, கதவு, கழகம் பொருத்தித் தந்தவை. நீங்கள் செய்த அலமாரி, பொய்க்கூரை, சோபா, டிவி, சாமி மாடம் எதுவும் வராது. அவற்றுக்கு வீட்டு உடைமைக் காப்புறுதி என்று தனியாக எடுக்க வேண்டும். அவர்களிடம் அது இல்லை. கடைசியில் வங்கியில் புதுப்பிப்புக் கடன் வாங்கினார்கள். அதற்கும் உச்சவரம்பு உண்டு, 30,000 வெள்ளி அல்லது ஆறு மாதச் சம்பளம், எது குறைவோ அது.

இவர்களாவது வந்து கேட்டார்கள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது ஒரு டாக்சி ஓட்டுநர் விஷயத்தில். சொந்தத் தொழில் என்பதால் அவர் சாதாரணக் கணக்கில் பணம் சேரவில்லை, தவணை ரொக்கமாகக் கட்டிவந்தார். மாதம் சுமார் 900 வெள்ளி. சமையலறை எரிந்தபின் தற்காலிக வாடகை வீட்டில் இருந்துகொண்டே ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினார். எப்படி என்று பார்த்தால், உரிமம் பெற்ற கடன்கடைகளில் வாங்கிக் கட்டியிருக்கிறார். ஒரு கடை, அதை அடைக்க இன்னொரு கடை. எல்லாம் தலைக்குமேல் போனபிறகுதான் மகள் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"அரசாங்கக் கடனை நிறுத்தினா வீட்டைப் புடுங்கிடுவாங்கன்னு பயம்மா" என்றார்.

ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கழகக் கடனின் வட்டி ஆண்டுக்கு 2.6%. 900 வெள்ளித் தவணையைத் தள்ளிவைத்தால், அந்தத் தொகைக்கு மாதம் கூடும் வட்டி ஏறக்குறைய இரண்டு வெள்ளி. கடன்கடை சட்டப்படி வாங்கக்கூடிய உச்ச வட்டி மாதத்துக்கு 4%. அதே 900க்கு மாதம் 36 வெள்ளி. சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் தாமதக் கட்டணம் சேரும், அதையும் சேர்த்தால்கூட 36க்குக் கிட்ட வராது. அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் அழுதுவிட்டாள்.

அவருக்குச் செய்ததில் மாயம் எதுவும் இல்லை. சில மாதம் தவணையைக் குறைத்தோம், கடன் காலத்தை நீட்டினோம், வேலைக்குப் போகும் மகளையும் தவணை கட்டுவதில் சேர்த்தோம். எல்லாருக்கும் எல்லாம் கிடைக்காது. வயது, பாக்கி, வருமானம் பார்த்துத்தான் முடிவாகும். சிலரிடம் சின்ன வீட்டுக்கு மாறுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. வங்கிக் கடன் என்றால் பேச வேண்டியது வங்கியிடம்.

ஈசூனிலிருந்து:
அக்கா, எங்களுடையது வேறு மாதிரி. தீப்பிடித்தது கீழ்வீட்டில். எங்கள் வீட்டுக்குள் தீ வரவில்லை, புகைதான் வந்தது. படுக்கை, துணிமணி, ஏர்கான் எல்லாம் கறுப்பு. பொது நடைபாதையை நகர மன்ற ஆட்கள் கழுவிவிட்டார்கள், வீட்டுக்குள் நம் பாடு. கடன் முழுக்கக் கட்டி முடித்திருந்தோம். "அப்பாடா, கடன் இல்லை" என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கடன் முடிந்தால் தீக்காப்புறுதியும் கட்டாயம் இல்லையாம். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்தை விளம்பரம் என்று நினைத்து அவரே கிழித்துப் போட்டிருக்கிறார்! கீழ்வீட்டுக்காரரிடம் போய்ச் சண்டையா போடமுடியும்? அந்த ஆண்ட்டியே எல்லாம் இழந்துவிட்டு சமூக மன்றத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்கு மூன்று வேளையும் சோறு கொண்டுபோனார். அப்பா வாயைத் திறக்கவில்லை.

சிராங்கூனிலிருந்து:
என் அக்கா ஹூஸ்டனில். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அங்கே சாதாரண வீட்டுக் காப்புறுதியில் வெள்ளம் வராது, தனியாக எடுக்க வேண்டும், அவள் எடுக்கவில்லை. அவளுடைய கடன் அமெரிக்கக் கூட்டரசு வீடமைப்பு நிர்வாகத்தின் உத்தரவாதம் பெற்றது. அதிபர் பேரிடர் என்று அறிவித்தால் அப்படிப்பட்ட கடன்களில் 90 நாளைக்கு வீட்டைப் பறிமுதல் செய்யக்கூடாதாம். வீடே இல்லாமல் போனவர்கள் முன்பணம் இல்லாமல் நூற்றுக்கு நூறு கடன் எடுத்து வேறு வீடு வாங்கவும் ஒரு திட்டம் உண்டு, ஆனால் அறிவிப்பு வந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடன் நிறுவனத்தோடு தொலைபேசியில் மல்லுக்கட்டியதுதான் புயலைவிட மோசம் என்பாள். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுப்பாராம், முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டுமாம்.

தியோங் பாருவிலிருந்து:
சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ குடிசைப்பகுதியில் நடந்த பெருந்தீயை எங்கள் தாத்தா பார்த்தவர். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். ஏறத்தாழ 16,000 பேருக்கு ஒரே நாளில் வீடு இல்லை. பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள். கழகம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது, அடுத்த ஓராண்டுக்குள் அடுக்குமாடி கட்டிக் குடியேற்றினார்கள். அப்போது வாடகை வீடு மட்டும்தான். சொந்த வீட்டுத் திட்டம் 1964இல், சேம நிதியில் தவணை கட்டுவது 1968இல். "எங்க காலத்துல எரியறதுக்கு வீடு இருந்துச்சு, கட்டறதுக்குத் தவணை இல்ல" என்று தாத்தா சிரிப்பார்.

முதலில் எழுதியவள்:
சிராங்கூன் தம்பி, உங்கள் அக்கா சொன்னது இங்கேயும் பொருந்தும். என் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். தீ, வெள்ளம் என்று வருபவருக்கு ஒரே அதிகாரி, கடைசிவரை அவரே. விடுப்பில் போனால்கூடக் கோப்பில் கதை முழுவதும் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். இளையவர்கள் முனகுவார்கள், பரவாயில்லை. ஈசூன் தங்கச்சி, கடன் முடிந்தவர்களும் அந்தத் தீக்காப்புறுதியை எடுக்கலாம். ஆனால் புகை பிடித்த ஏர்கானுக்கு அது உதவாது, அதற்கு உடைமைக் காப்புறுதிதான். அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: எரிந்த மறுநாளே கிளைக்குப் போங்கள். அடையாள அட்டை போயிருந்தாலும் போங்கள். தவணை ரொக்கமாகப் போகிறதா, சேம நிதியிலிருந்தா என்று முதலில் கேளுங்கள். ரொக்கம் என்றால் தவணையைத் தள்ளிவைக்க அன்றைக்கே எழுதிக்கொடுங்கள். வீட்டைப் பார்க்கச் சமூக மன்றத்து ஆட்கள், எம்.பி. எல்லாரும் வருவார்கள், படம் எடுப்பார்கள். அவர்களிடம் தவணையைப் பற்றியும் வாயைத் திறந்து சொல்லுங்கள். பாய், அரிசி, பள்ளிச் சீருடை எல்லாம் அவர்களாகவே கேட்டுத் தருவார்கள். கடன் இருப்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும்.