கருவாட்டு உலர்த்தி: மெழுகு நடுவில் உருகவில்லை, உதவுங்கள்

வணக்கம். ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரில் அம்மா கருவாடு போடுகிறார். அவருக்காக ஒரு சூரிய உலர்த்தி செய்திருக்கிறேன். பொழுது சாய்ந்த பிறகும் சூடு நிற்கட்டும் என்று, சுமார் 55 டிகிரியில் உருகும் பாரஃபின் மெழுகு 20 கிலோ அடியில் வைத்தேன். கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் (உருகும்போது உள்வாங்கி, உறையும்போது வெளிவிடும் வெப்பம்) பிடிக்கும் பொருள்தான், ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம். சூடாகும் தகட்டை ஒட்டியது உருகுகிறது, நடுவில் கட்டி அப்படியே கிடக்கிறது. இரவிலோ ஓரம் முதலில் உறைந்து, உள்ளிருக்கும் சூட்டை அடைத்துவிடுகிறது.

அதனால் செம்பு ஹீட் பைப் செருக நினைக்கிறேன் (இரு முனையும் மூடிய குழாய்; உள்ளே இருக்கும் கொஞ்சம் திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் திரவமாகி வெப்பத்தைக் கொண்டுபோகும்; திரும்பி வர உள்ளே ஒரு திரி உதவும்). உள்ளே திரி இல்லாவிட்டால் வெப்பம் கீழிருந்து மேலே மட்டும்தானே போகும்? அப்படியானால் பகலில் மெழுகுக்குள் சூட்டை ஏற்றவும் இரவில் வெளியே எடுக்கவும் ஒரே குழாய் போதுமா, தனித்தனியாக வேண்டுமா? உள்ளே தண்ணீரா, அசிட்டோனா? அப்புறம், இந்த உப்புக்காற்றில் செம்பு தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்தாக வேண்டும்.