அண்ணன் வீட்டுக் கணக்கு

ஞாயிறு, இரவு 8:40

அண்ணி: இந்த மாத நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். மருந்து, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, டயப்பர், வாடகைக் கட்டில், வண்டி. கடைசி வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கட்டிலுக்குக் கட்டிய முன்பணம், திரும்ப வரும்.

அத்தான்: பார்த்தேன் அம்மா. விபத்தில் தலையில் அடிபட்டு ஐசியூவில் இருந்ததோடு பெரிய செலவு முடிந்தது, வீட்டுக்கு வந்துவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தேன்.

அண்ணி: நானும் அப்படித்தான் நினைத்தேன் அண்ணா. அது ஒரே தடவையில் வந்த செலவு. எல்லாரும் ஓடி வந்து தாங்கினீர்கள். இது சொட்டுச் சொட்டாகப் போகிறது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு கொஞ்ச நாள் வரைதான் காப்பீட்டில் மருந்துச் சீட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். இப்போது எல்லாமே கைக்காசு.

சித்தப்பா: பேச்சுப் பயிற்சியை நிறுத்தினால் என்ன? போன வாரம் போனில் என்னிடம் கணீரென்று பேசினானே.

அண்ணி: பேசுவார் சின்ன மாமா. கரண்டி வேண்டும் என்றால் சாவி கேட்பார். நாம் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கோபம் வரும். அது கூடப் பரவாயில்லை. விழுங்கப் பழக்குவதும் அதே பயிற்சியாளர்தான். தண்ணீரைக்கூட இன்னும் அப்படியே கொடுக்க முடியாது, கெட்டிப்படுத்தும் பொடி கலந்துதான் கொடுக்கிறேன். நுரையீரலுக்குப் போனால் நிமோனியா, மறுபடி அட்மிஷன்.

சித்தப்பா: அது எனக்குத் தெரியாதும்மா. நிறுத்த வேண்டாம்.

நான்: விபத்தன்று கோமா அளவுகோலில் அண்ணனுக்கு 15க்கு 6தான். 8 அல்லது அதற்குக் கீழே என்றாலே கடுமையான காயம் என்றார்கள். முதல் 6 மாதம் வேகமாகத் தேறுவார், அப்புறம் மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது, 2 வருஷம் கழித்தும் தேறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னதும் நினைவிருக்கிறது. இது 7ஆம் மாதம்.

அக்கா: எனக்கு ஒரு சந்தேகம். வலிப்பு இத்தனை மாதமாக வரவே இல்லை. அந்த மாத்திரையை ஒரு வேளையாகக் குறைக்கக் கூடாதா? அதைச் சாப்பிடுவதால்தான் எரிந்து விழுகிறான் என்றும் நீதானே சொன்னாய்.

அண்ணி: லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும் என்று டாக்டரும் சொன்னார் அண்ணி. நெற்றிப் பக்கம் மூளையில் அடிபட்டதாலும் இருக்கலாமாம். எதுவானாலும் நாமாகக் கை வைக்கக் கூடாது, சட்டென்று நிறுத்தினாலே வலிப்பைக் கொண்டுவந்துவிடும் என்றார். விலை குறைந்த கம்பெனி மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்டேன். மாறலாம், மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று தாவ வேண்டாம் என்றார். அதில் கொஞ்சம் மிச்சம்.

அண்ணன் மகள்: டார்ச் கதையைச் சொல்லும்மா

அண்ணி: நீ சும்மா இரு.

அண்ணன் மகள்: ராத்திரி 3 மணிக்கு அப்பா ஆன்லைனில் 4 டார்ச் லைட் ஆர்டர் போட்டுவிட்டார். முந்தின வாரம் வாங்கிய 2 வீட்டிலேயே இருக்கின்றன. ஏன்பா என்றால், கரண்ட் போனால் நீ என்ன செய்வாய் என்று என்னையே கேட்கிறார் 😭😂

நான்: திருப்பி அனுப்ப முடிந்ததா?

அண்ணன் மகள்: 3 போய்விட்டன. ஒன்றை அவர் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். தர மாட்டேன் என்கிறார்.

அண்ணி: பணம் கட்டும் ஆப்பை அவர் போனிலிருந்து எடுத்துவிட்டேன் தம்பி. வீட்டு வரவு செலவை மொத்தமாகப் பார்த்தவர். ஒன்றுமே இல்லை என்றால் மனசு விட்டுப்போகும். தனியாக ஒரு கணக்கில் கொஞ்சமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதற்குள் என்ன வாங்கினாலும் கேட்பதில்லை.

அக்கா: நோட்டை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். உன் சம்பளம் எந்த வரியில் இருக்கிறது?

அண்ணி: என் சம்பளமா? வரவே இல்லையே அண்ணி.

அக்கா: அதைத்தான் கேட்கிறேன். விபத்துக்கு மறுநாளிலிருந்து நீ வேலைக்குப் போகவில்லை. டயப்பரை எழுதியிருக்கிறாய், வண்டியை எழுதியிருக்கிறாய். இந்தப் பக்கத்திலேயே பெரிய தொகை அதுதான், அதை மட்டும் காணோம்.

அத்தான்: சரியாகக் கேட்டாய்.

சித்தப்பா: நான் இந்த வாரம் ஒரு தொகை போடுகிறேன்.

நான்: சித்தப்பா, தப்பாக நினைக்காதீர்கள். மொத்தமாகப் போட்டால் இரண்டு மாதம் ஓடும், மூன்றாம் மாதம் அண்ணி வாய்விட்டுக் கேட்க வேண்டி வரும். கேட்க மாட்டார். சிறிதானாலும் மாதா மாதம் போடலாம். பிசியோதெரபி என்னுடையது, ஒவ்வொரு முதல் தேதியும் நானே கட்டிவிடுகிறேன்.

அத்தான்: பேச்சுப் பயிற்சி எங்களுடையது.

அண்ணி: ஒன்று சொல்லட்டுமா. ஆபீசில் இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள், பாதி நாள் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். காலை 10லிருந்து 2 வரை யாராவது ஒருவர் அவரோடு இருந்தால் போதும். ஆள் வைத்தால் என் பாதிச் சம்பளம் அதற்கே போய்விடும்.

அக்கா: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? வியாழன், வெள்ளி நான்.

சித்தப்பா: ரிட்டயரான மனுஷன் நான் வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். திங்கள், செவ்வாய், புதன் வருகிறேன். ஆனால் ஊட்டிவிட எனக்குத் தெரியாதே.

அண்ணி: நாளைக்கு நான் ஊட்டும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், பழகிவிடும். நிமிர்த்தி உட்கார வையுங்கள், சாய்ந்த நிலையில் வேண்டாம். டிவியை அணைத்துவிடுங்கள். அரைக் கரண்டி, மோவாயைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள், விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்தது. ஸ்டிரா வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும், இரண்டு சேர்ந்தால் குழம்பிவிடுவார். முடிந்ததும் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும்.

சித்தப்பா: எழுதிக்கொண்டேன்.

செவ்வாய், மதியம் 1:25

சித்தப்பா: இன்று முழுக்க நானே ஊட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது, புரையேறவில்லை. சாவி கேட்டான், கரண்டியைக் கொடுத்தேன், பேசாமல் வாங்கிக்கொண்டான்.

அக்கா: 👏👏

சித்தப்பா: அந்தப் பொடி டப்பா தீரப்போகிறது. நான் வாங்கி வந்தால் நோட்டில் எந்தப் பக்கம் எழுத வேண்டும்?

சித்தப்பா: அம்மா, பார்த்தாயா?

அண்ணன் மகள்: தாத்தா, அம்மாவின் போன் என்னிடம்தான் இருக்கிறது. வேலைக்குப் போவது அடுத்த வாரம்தானே. நீங்கள் வந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்ப் படுத்தார், இன்னும் எழுந்திருக்கவில்லை.