செம்பூர் அத்தை வீட்டுக்கு பைபர்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

செம்பூர் அத்தை: எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சொசைட்டியில் பழைய செப்புக் கம்பி லேண்ட்லைனை எடுத்துவிட்டு வீட்டுக்கு வீடு பைபர் இழுக்கப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கையெழுத்து கேட்டுச் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். மாமாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவில் டாக்டரைக் கூப்பிட உதவியது அந்தப் பழைய போன்தான் என்பதால் எனக்குக் கை வரவில்லை. அண்ணா, தொலைபேசித் துறையிலேயே காலம் கழித்த நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

பெரியப்பா: கையெழுத்துப் போடு தங்கச்சி, ஆனால் ஒரு நிபந்தனையோடு போடு. நிபந்தனையைப் பிறகு சொல்கிறேன். ஜூன் பிறந்துவிட்டால் செப்டம்பர் வரை மும்பையில் சயானிலும் செம்பூரிலும் மேன்ஹோலுக்குள் இறங்கி, தண்ணீர் புகுந்த செப்புக் கேபிளைப் பிரித்து, காகித உறை நனைந்த கம்பி ஜோடிகளைக் காயவைத்து ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பதிலேயே என் மழைக்காலங்கள் கழிந்தன. ஈரம் பட்டால் செம்பில் கரகரப்பு வரும், அடுத்தவர் பேசுவது நம் காதில் விழும். பைபர் என்பது கண்ணாடி இழை, அதில் ஒளிதான் செய்தியைச் சுமக்கும், மின்சாரமே ஓடுவதில்லை. அதனால் லிஃப்ட் மோட்டார் பக்கத்தில் சுற்றினாலும், கரண்ட் கம்பி அருகிலேயே போனாலும் உள்ளே செல்லும் ஒளிக்கு ஒன்றும் ஆகாது.

அண்ணன்: ஒளியின் வேகத்தில் செய்தி போவதுதான் பைபரின் பெரிய லாபம் என்று நினைத்திருந்தேன் பெரியப்பா.

பெரியப்பா: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், தம்பி. வெற்றிடத்தில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். காற்றில் போகும் ரேடியோ அலை அதைவிட வேகமானது. பைபரின் லாபம் அது சுமக்கும் அளவிலும், சோர்ந்துபோகாமல் செல்லும் தூரத்திலும் இருக்கிறது. 1960-களில் இருந்த கண்ணாடியில் ஒளி சில மீட்டர்களிலேயே மங்கிப்போகும். கண்ணாடியில் கலந்திருக்கும் அழுக்கை நீக்கினால், ஒரு கிலோமீட்டர் தாண்டியும் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும்படி செய்யலாம், தொலைபேசிக்கு அதுவே போதும் என்று விஞ்ஞானி சார்லஸ் காவோ 1966-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூறில் 95 பங்கு ஒளி மிஞ்சுகிறது. இதற்கு முன்னோடியாக, இழைக் கட்டு வழியே படத்தைக் கடத்திக் காட்டிய நரிந்தர் சிங் கபானி நம் பஞ்சாபின் மோகா ஊரில் பிறந்தவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சித்தி: அத்தான், எங்கள் வீட்டில் போன மாதம்தான் பைபர் போட்டார்கள். பீரோவைச் சுவரோடு தள்ளி வைத்த மறுநாளே சுவரில் மாட்டிய பைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்து, மூன்று நாள் இணையம் இல்லாமல் பிள்ளைகள் தவித்துப்போனார்கள். பீரோ நகர்த்தியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பெரியப்பா: நிச்சயமாக உண்டு. ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தலைமுடியின் பருமனில் ஒரு சின்னப் பங்கு. வெளியுறையின் எல்லையில் சாய்வாகப் படுகிறவரை ஒளி உள்ளேயே திரும்பித் திரும்பி ஓடும். பீரோ அழுத்திக் கம்பி மடங்கியதும் அந்தச் சாய்வு கெட்டு, மடிப்பிலேயே ஒளி வெளியே கசிந்துவிடும், இறுக்கி மடக்கினால் இழையே முறிந்தும் போகும். செம்பு அறுந்தால் பிளையரால் முறுக்கி டேப் சுற்றி அன்று மாலைக்குள் பேசிவிடலாம், பைபரில் அது நடக்காது. உறையை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, இரண்டு முனைகளையும் எந்திரத்தில் நேருக்கு நேர் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். வெட்டிய துணுக்கு கண்ணுக்கே தெரியாது. ஒரு முறை என் சுட்டுவிரலில் ஏறிய துணுக்கை எடுக்க உன் அக்கா பூதக்கண்ணாடி பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு கறுப்புத் துணி விரிக்காமல் நான் வேலை தொடங்கியதே இல்லை.

அண்ணன்: 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிப் பைபர் கேபிள்கள் அறுந்தபோது, மும்பையில் இருந்த எங்கள் அலுவலகத்தில் வேலை முடங்கியது நினைவுக்கு வருகிறது.

பெரியப்பா: ஆமாம், ஓர் இழையில் இத்தனை பேரின் போக்குவரத்தை ஏற்றும் வசதியே இப்படிப்பட்ட நாளில் ஆபத்தாகிறது. கடலுக்கே போக வேண்டாம், நம் தெருவில் குழாய் பதிக்க வருகிற ஜேசிபி ஒரு கொத்து கொத்தினால் பேட்டை முழுவதும் போனும் இணையமும் நின்றுவிடும். சரி, நிபந்தனைக்கு வருகிறேன். தங்கச்சி, 2020 அக்டோபர் 12 காலையில் மும்பை முழுவதும் கரண்ட் போனதே, அன்று உன் போன் வேலை செய்ததா?

செம்பூர் அத்தை: வேலை செய்தது, அண்ணா. எதிர்வீட்டில் பைபர் போன் செத்துக் கிடந்ததால் அவர்கள்கூட எங்கள் வீட்டுக்கு வந்துதான் பேசினார்கள்.

பெரியப்பா: அதுதான் செம்பு செய்துவந்த பேருதவி. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாகவே உன் கருவிக்கு வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் கரண்ட் வராது என்பதால், வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டிக்கு உன் வீட்டு மின்சாரம் வேண்டும், அது நின்றால் போனும் நின்றுவிடும். இதைச் சுற்றறிக்கையில் எழுதாமல் விட்டது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இது உயிர் விஷயம்.

அண்ணன்: கைபேசி இருக்கிறதே, பெரியப்பா?

செம்பூர் அத்தை: எங்கள் தரைத்தள வீட்டில் சிக்னல் ஜன்னல் ஓரத்தில்தான் கிடைக்கும், தம்பி. ராத்திரி மாமா பக்கத்தை விட்டு நான் எப்படி எழுந்து போவது?

பெரியப்பா: ஆகவே, பெட்டிக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று, அதாவது கரண்ட் போனாலும் அதை ஓடவைக்கும் பேட்டரி, வைத்துக் கொடுத்தால்தான் சம்மதம் என்று படிவத்திலேயே எழுது. அவர்கள் மறுத்தால் நான் வாங்கித் தருகிறேன். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணைப் படம் எடுத்து அனுப்பு, பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும், அதற்குப் பொருந்துவதைத்தான் வாங்க வேண்டும். புதிய போனில் மணி அடித்து, மெயின் சுவிட்சை அணைத்தும் பேசிப் பார்க்கும்வரை பழைய கம்பியில் யாரையும் கை வைக்க விடாதே. ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் வண்டி மாறி நானே வந்து, கம்பி எங்கெங்கே வளைகிறது என்று பார்த்துவிடுகிறேன்.

செம்பூர் அத்தை: படிவத்தில் எழுதிவிட்டேன், அண்ணா. மாமா கட்டில் பக்கத்திலேயே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது, பெட்டியை அங்கேயே மாட்டச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு இங்கேதான்.